நாற்பது குதிரைத்திறனில் ஒரு பந்தயம்

பிரீமியர் பத்மினியைக் கறுப்பு மஞ்சள் டாக்சியாகவே பார்த்துப் பழகிய மும்பைக்காரரிடம் அது பந்தயத்துக்கும் போன வண்டி என்று சொன்னால் சிரிப்பார். சயான் சிக்னலில் முக்கி முனகி நகர்ந்ததே, அதுவா?

அதேதான். 1953-இல் இத்தாலியில் வெளிவந்த ஃபியட் 1100 அதன் மூதாதை. அந்தக் காலத்து இத்தாலியில், பொதுச் சாலையில் ஆயிரம் மைல் ஓடிய மில்லே மில்யா பந்தயத்துக்கு, பணக்காரர்கள் ஃபெராரியோடு வருவார்கள். மற்றவர்கள் இந்தக் குடும்பக் காரோடு வருவார்கள். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைக் குர்லாவில் தயாரித்தது. தாராவிக்கும் செம்பூருக்கும் கூப்பிடு தூரம். பத்மினி என்ற பெயர் 1974-இல்தான் வந்தது.

இந்தியாவில் இது ஓடிய பந்தயக் களங்களில் பெரியது சென்னைக்கு வடக்கே இருந்த சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் மோதிக்கொள்ளும். ஓட்டியவர்களில் பெரும்பாலோர் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டியவர்கள். பம்பாயில் ஜுஹு ஓடுதளத்திலும் கார்கள் பந்தயம் ஓடியதுண்டு. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும்கூட இப்படிப் போர் விட்டுப்போன விமானத் தளங்கள்தான். குட்வுட்டில் 1998 முதல் ஆண்டுதோறும் ஒரு வார இறுதியில் பழைய கார்களை மட்டும் வைத்து நிஜமாகவே பந்தயம் விடுகிறார்கள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். நான்கு சிலிண்டர், 68 மில்லிமீட்டர் விட்டம், 75 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம், மொத்தம் 1089 சி.சி. நிமிடத்துக்கு 4800 சுற்றில் சுமார் 40 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்கள்கூட இதைவிட அதிகம் தரும். அப்படியானால் ஒரு சின்ன அணி இதில் எதைத்தான் கூட்ட முடியும்?

மூச்சைக் கூட்டலாம். இன்ஜின் என்பது காற்றை இழுத்து வெளியே தள்ளும் பம்பு. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கேற்ற பெட்ரோல்தான் எரியும். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 50 தடவை மூச்சிழுக்கவேண்டும். பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க வினாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் காற்று கார்புரேட்டரைத் தாண்டி, வளைந்த பாதையில் திரும்பி, வால்வு இடுக்கில் நுழையவேண்டும். அதனால்தான் மெக்கானிக் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, உள்ளே காற்று போகும் துளைகளின் சொரசொரப்பை அரைத்துச் சீராக்குகிறார். பெரிய கார்புரேட்டர் மாட்டுகிறார். வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி கேம்ஷாஃப்டை மாற்றுகிறார். லேத் பட்டறையில் ஹெட்டின் அடிப்பரப்பை ஓரிரு மில்லிமீட்டர் சீவினால் எரியறை சுருங்கி, அழுத்த விகிதம் ஏறும். பேராசைப்பட்டு அதிகம் சீவினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து 'டக் டக்' என்று தட்டும்; அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

வண்டி தயாரானாலும் மும்பைக்குள் பந்தயத் தடம் இல்லை. சோழவரத்துக்கு வாரிசாக 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு வண்டியை லாரியில்தான் ஏற்றிப்போகவேண்டும். அங்கே முதலில் தொழில்நுட்பச் சோதனை: பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான், எண்ணெய்க் கசிவு. பழைய கார் அணிகள் அதிகம் வியர்ப்பது கடைசிச் சோதனையில்தான்.

அதன்பின் பயிற்சி ஓட்டம். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த காட்சி இங்கேதான் இருக்கிறது. முழு வேகத்தில் வரும்போதே ஓட்டுநர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து, உருண்டே வந்து நிற்பார். மெக்கானிக் உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். இளம்பழுப்பு என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவு. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அதற்கேற்ப கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றி மறுபடி அனுப்புவார். இன்றைய பந்தயக் கார்களில் லேப்டாப் செய்யும் வேலையை இங்கே ஒரு ஆளின் கண் செய்கிறது.

பிரேக்தான் இந்தக் காரின் பலவீனம். சுமார் 900 கிலோ வண்டி 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்குச் சூடு பிறக்கும். நான்கு டிரம் பிரேக்குகளும் மூடிய டப்பாக்கள். அந்தச் சூடு வெளியேற வழி குறைவு. சில சுற்றுகளில் லைனிங் பிடிப்பை இழந்து, மிதிக்க மிதிக்க வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கெட்டிக்கார ஓட்டுநர் பிரேக்கைச் சிக்கனமாகத் தொட்டு, வளைவுக்குள் முடிந்த அளவு வேகத்தோடே நுழைவார். அங்கே விட்ட வேகத்தை மீட்டுத் தர 40 குதிரைகளுக்கு வெகுநேரம் பிடிக்கும். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் லிவர் தேய்ந்த இணைப்புகளால் தடுமாறும் என்பதால், பலர் அதைத் தரைக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசிக் கால மாடலில் தொழிற்சாலையே அதைச் செய்தது.

2023 அக்டோபர் இறுதியில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சிக்கு இருபது வருட வயது வரம்பு முடிந்தது. டாக்சிகள் ஓடியவரை எந்தப் பாகமும் எந்தத் தெருவிலும் கிடைத்தது. இப்போது அணிக்கு ஒரு கியர்பாக்சும் இரண்டு ஹெட்டும் கைவசம் வேண்டுமென்றால் குர்லா சி.எஸ்.டி. சாலையிலும் சோர் பஜாரிலும் அலசவேண்டியதுதான். ஹெட் வாங்குகிறவர்கள் வால்வுகளுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.