25 நிமிடப் பொன்வேளை

மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் பிரதான வீதியை விட்டு மேற்கே இறங்கினால் வயல்வெளி. மாலையில் அங்கே கமராவோடு போகிறவர் சுணங்கக் கூடாது. சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 பாகையில் நிற்பதிலிருந்து மறையும்வரை உள்ள பொழுதை ஒளிப்படக்காரர் 'பொன்வேளை' என்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு 8 பாகைக்குள் இருக்கும் இந்த ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் பொன்வேளை 25 நிமிடமளவில் முடிந்துவிடும். கோடைகால இலண்டனில் அதே இறக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

பொன்னிறம் காற்றின் வேலை. அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சிச் சூரியனின் ஒளியைவிட ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து நம்மிடம் வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை ஐந்தாறு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. நீலம் வழியிலேயே சிதறிப்போக, செம்மையும் மஞ்சளும் வயலில் வந்து விழுகின்றன.

ஆனால் வந்து சேரும் ஒளி மிகக் குறைவு. நண்பகலில் செக்கனில் 500இல் ஒரு பங்கு திறந்தால் போதுமாயிருந்த ஷட்டர், இப்போது 15இல் ஒரு பங்குவரை திறந்திருக்க வேண்டும். அதற்குள் கை சற்று நடுங்கினாலும் படம் மங்கும். முக்காலி இல்லாதவர்கள் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி பொத்தானை அழுத்தப் பழகுகிறார்கள்.

மூச்சை விடும் இந்தக் கணம்தான் எனக்கு மிகப் பிடித்தது. மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, நாம் மூச்சை விடும்போது இதயத்தைச் சற்று மெதுவாக்குகிறது. உள்ளிழுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. பதகளிப்பு, அதாவது காரணத்தை மிஞ்சி நீடிக்கும் அச்சப் பரபரப்பு, வரும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு குறுகும். அதைத் தணிக்க உளவளத்துணையாளர்கள் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடங்களில் ஒன்று, மூச்சை நீட்டி வெளியே விடுவது. படம் தெளிவாக விழவேண்டும் என்பதற்காக ஒளிப்படக்காரரும் அதையே செய்கிறார்.

அடுத்தது கண்ணின் வேலை. வாவிக் கரையில் நட்ட கம்பொன்றில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நின்றபடி பார்த்தால் அக்கரைக் கோடு சரியாக அதன் கழுத்தை வெட்டுகிறது. முழங்காலை மடக்கினால் தலை வானத்துக்குள் ஏறுகிறது, ஆனால் பின்னால் வரும் தோணி வாலோடு முட்டுகிறது. இடப்பக்கம் ஓரடி நகரவேண்டும். இந்தக் கணக்கெல்லாம் நடப்பது செயல்நினைவில். சற்றுநேரத்துக்கு மட்டும் விடயங்களைப் பிடித்துவைத்துக் கையாளும் மூளையின் திறன் அது. இரண்டடுப்புக் குசினி மாதிரி, அங்கே மூன்றாவது சட்டிக்கு இடமில்லை.

இடம் குறைவென்பது இங்கே நன்மையாகிறது. 2009இல் உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் குழுவினர் 40 பேருக்கு மனதை உலுக்கும் காட்சிகளைக் காட்டினார்கள். அரைமணி கழித்து அவர்களில் பாதிப்பேர் 10 நிமிடம் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாடினார்கள். அடுத்த ஒரு கிழமையில், விளையாடியவர்களின் மனத்தில் அக்காட்சிகள் அழையாமல் வந்தது கணிசமாகக் குறைந்திருந்தது. வடிவங்களைப் பொருத்தும் வேலையும் பயங்கரக் காட்சியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். கமராவைக் கொண்டு அந்தச் சோதனை நடக்கவில்லை. ஆனால் கம்பையும் கழுத்தையும் தோணியையும் பொருத்துவது அதே இனத்து வேலை என்றே எனக்குப் படுகிறது.

திறந்தவெளிக்கும் தனிப் பங்கு உண்டு. 2015இல் ஆய்வாளர் கிரெகரி பிராட்மன் குழுவினர் சிலரை 90 நிமிடம் புல்வெளியிலும் வேறு சிலரைப் பரபரப்பான வீதியோரத்திலும் நடக்கவிட்டார்கள். புல்வெளியில் நடந்தவர்களிடம் தம்மைப் பற்றிய கவலைகளை அசைபோடுவது குறைந்தது. அதனோடு தொடர்புள்ள, நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள மூளைப் பகுதியும் அடங்கியது.

போரும் 2004 ஆழிப்பேரலையும் தாக்கிய மட்டக்களப்பில், கலையாலும் திறந்தவெளியாலும் மனத்தை ஆற்றும் இந்த வழி புதிதல்ல. யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் பாதித்த தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் மரஞ்செடிகளுக்கு நடுவே ஓவியம் தீட்டினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். மருத்துவம் தேவைப்படுகிறவருக்கு மருத்துவம் வேண்டும்தான். கமரா அதன் பக்கத்தில் நிற்கக்கூடியது.

கைத்தொலைபேசியில் படபடவென்று நூறு படம் தட்டுவது இதில் சேராது. 2014இல் உளவியலாளர் லிண்டா ஹென்கல் அருங்காட்சியகம் ஒன்றில் சோதித்தபோது, பங்கேற்றவர்களுக்குத் தாம் படமெடுத்த பொருள்களின் நினைவு, வெறுமனே பார்த்த பொருள்களின் நினைவைவிட மங்கியிருந்தது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுக்கச் சொன்னபோது அந்தக் குறை தென்படவில்லை. படச்சட்டத்துக்கு வெளியே விட்ட பகுதிகள்கூட அவர்களுக்கு நினைவிருந்தன.