எட்டாம் வகுப்போடு நின்றுவிடாத படிப்பு

"நம்ம புள்ளைக்குக் கணக்கும் விஞ்ஞானமும் ஏறாதுங்க" என்று சில பெற்றோர் எம்மிடம் சொல்வதுண்டு. அப்போதெல்லாம் அமெரிக்காவின் கறுப்பின மக்களுக்கான கல்லூரிகள் எமது நினைவுக்கு வரும். இம்முறை அவற்றைப் பற்றிச் சொல்கிறோம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக வேலை செய்தார்கள். அடிமைக்கு எழுத வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதே பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். 1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனாலும் அங்கே வெள்ளையரின் கல்லூரிக் கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. ஆகவே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே கல்லூரிகள் தோன்றின. இன்று அப்படி ஏறத்தாழ 100 கல்லூரிகள் உள்ளன. இப்போது எல்லா இனத்தவரும் அவற்றில் படிக்கலாம்.

அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்லூரி 1881இல் தொடங்கியது. மாணவர்களே செங்கல் சுட்டுக் கட்டடம் எழுப்பினார்கள். அடிமையாகப் பிறந்த ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வர் 1896இல் அங்கே விவசாய விஞ்ஞானம் படிப்பிக்க வந்தார். வருஷா வருஷம் பருத்தியே போட்டு மண் சத்துக் கெட்டுப் போயிருந்தது. நிலக்கடலை, பயறு வகைகளை மாற்றிப் போட்டால் மண்ணில் நைதரசன் சேரும் என்று அவர் விளக்கினார். கல்லூரிக்கு வர முடியாத விவசாயிகளிடம் கல்லூரியே போனது. 1906இல் விதையும் கருவிகளும் ஏற்றிய குதிரை வண்டி ஒன்று ஊர் ஊராகப் புறப்பட்டது.

இன்னொரு கதையைக் கேளுங்கள். மேற்கு வேர்ஜீனியாவில் கதரின் ஜோன்சன் பிறந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். பெற்றோர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சுமார் 120 மைல் தள்ளி, மேற்கு வேர்ஜீனியா ஸ்டேட் கல்லூரி வளவில் உயர்தரப் பாடசாலை ஒன்று இருந்தது. பிள்ளைகளை அங்கே சேர்த்து, பாடசாலைக் காலத்தில் குடும்பம் அந்த ஊரிலேயே தங்கியது. பிறகு அதே கல்லூரியில், இந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்று கண்ட கணித ஆசிரியர் கிளேட்டர், அவருக்காகவே கேத்திரகணிதப் பாடம் ஒன்றை ஏற்படுத்தினார். கதரின் 1937இல், 18 வயதில் பட்டம் பெற்றார். 1962இல் ஜோன் கிளென் விண்கலத்தில் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், கணினி போட்ட கணக்கைக் கதரின் கையால் போட்டுச் சரிபார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அவர் சரிபார்த்த பின்னரே பயணம் நடந்தது.

இந்தக் கல்லூரிகள் செய்ததென்ன? "அடிப்படை போதாது" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. விட்ட இடத்திலிருந்து சொல்லிக் கொடுத்தன. நியூ ஓர்லியன்ஸ் நகரின் சேவியர் பல்கலைக்கழகம் விடுமுறையில் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தது. சிறிய பல்கலைக்கழகம்தான், ஆனால் அங்கே படித்து மருத்துவக் கல்லூரிக்குப் போன கறுப்பின மாணவர் ஏராளம். வட கரோலைனாவின் ஏ அன்ட் ரி பல்கலைக்கழகத்தில் 1971இல் பௌதிகவியல் பட்டம் பெற்ற ரொனால்ட் மெக்நெயர் 1984இல் விண்வெளிக்குப் போனார்.

கணக்கு ஏறவில்லை என்பதற்காக யார் வீட்டிலாவது பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தும் பேச்சு வந்தால், அவசரப்படாதீங்க. முதலில் கணக்கு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பிள்ளை எந்த இடத்தில் விட்டுவிட்டது என்று கேளுங்கள். அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.