மீளமைக்கப்பட்ட பழந்தானுந்துகளின் விற்பனைப் பெறுமதி

மீளமைக்கப்பட்ட பழந்தானுந்தின் விற்பனைப் பெறுமதி என்பது, தேய்ந்த அல்லது பழுதடைந்த நிலையிலிருந்து முன்னைய நிலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பழைய தானுந்தை விற்கும்போது, வாங்குபவர் ஒருவர் உண்மையில் கொடுக்க முன்வரும் தொகை ஆகும். உரிமையாளர் மீளமைப்புக்குச் செலவிட்ட தொகை, காப்புறுதி நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை, விலைக் கையேடுகளில் அச்சிடப்படும் தொகை ஆகிய மூன்றிலிருந்தும் இது வேறுபட்டது. பெரும்பாலான வண்டிகளுக்கு இத்தொகை, செய்த செலவை விடக் குறைவாகவே அமைகின்றது. எவரும் கைவைக்காத மங்கிய வண்டியொன்று, அதே வகையைச் சேர்ந்த பளபளக்கும் வண்டியை விடக் கூடிய விலைக்குப் போவதும் உண்டு. இவ்வணிகம் பெருமளவில் நடைபெறுவது ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், மேற்கு ஐரோப்பா ஆகிய இடங்களிலேயே. எனவே கீழேயுள்ள எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே தரப்படுகின்றன.

சொற்பொருள்

எவ்வளவு பழையதானால் ஒரு வண்டி பழந்தானுந்து ஆகும் என்பதற்கு ஒரே வரையறை இல்லை. 1966 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஃபீவா எனப்படும் பன்னாட்டுக் கூட்டமைப்பு, குறைந்தது 30 ஆண்டுகள் பழையதாகவும், வரலாற்று அடிப்படையில் சரியான நிலையில் பேணப்படுவதாகவும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாகவும் உள்ள ஊர்தியைப் பழமை ஊர்தி என்கின்றது. இக்கூட்டமைப்பு 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், உள்ளதை உள்ளபடி பேணுவதையும், இழந்ததை மீண்டும் உருவாக்கும் மீளமைப்பையும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. விற்பனைப் பெறுமதியை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது.

செலவும் பெறுமதியும்

மீளமைப்புக்கு ஆகும் செலவு வண்டியின் புகழைப் பொறுத்தது அன்று. ஒரு கதவின் துருவை வெட்டியெடுத்துப் புதிய தகடு ஒட்டவைக்கத் தேவைப்படும் நேரம், மலிவான வண்டிக்கும் விலையுயர்ந்த வண்டிக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வேலை முடிந்தபின் கிடைக்கும் விலையோ, அந்த வகை வண்டியைத் தேடுவோர் எத்தனை பேர், அவ்வகையில் எஞ்சியிருப்பவை எத்தனை என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லாமையே விற்பவர்களின் ஏமாற்றத்துக்கு முதற் காரணம் ஆகும்.

பிரித்தானியத் தயாரிப்பான எம்ஜிபி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி தானுந்துகள் உற்பத்தி செய்யப்பட்டன. இவற்றின் உடற்கூடு துருப்பிடிப்பதில் பெயர் பெற்றது. ஆயினும் உதிரிப்பாகங்களுக்குக் குறைவில்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 ஆம் ஆண்டிலிருந்து பழைய அச்சுக் கருவிகளைக் கொண்டே முழுப் புதிய உடற்கூடுகளையும் செய்து விற்கத் தொடங்கியது. ஒரு முழுமையான மீளமைப்புக்கு 600 மணி நேர உழைப்பு வேண்டும் எனவும், பட்டறைக் கூலி மணிக்கு 50 பவுண்டுகள் எனவும் வைத்துக்கொள்வோம். கூலி மட்டும் 30,000 பவுண்டுகள் ஆகின்றது. உடற்கூடு, வர்ணப்பூச்சு, குரோமிய முலாம், தோல் இருக்கைகள் என்பன இதற்கு மேல். நல்ல நிலையிலுள்ள எம்ஜிபியோ பொதுவாகப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பவுண்டுகள் வரையிலேயே விலைபோகின்றது. இதே விலைக்குச் சிறந்த வண்டிகள் பல சந்தையில் இருக்கும்போது, குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்க வாங்குபவருக்குக் காரணம் எதுவும் இல்லை. பற்றுச்சீட்டுகளைக் கூட்டி அதை விலையாகக் கேட்பவர்கள் பல மாதங்கள் காத்திருந்து இறுதியில் சந்தை விலைக்கே இறங்கிவருவர்.

ஒரே வகைக்குள்ளும் பெறுமதி மாறுபடும். அமெரிக்கச் சட்டங்களுக்கு ஏற்ப 1974 இன் பிற்பகுதியில் எம்ஜிபியின் குரோமிய மோதுதாங்கிகள் நீக்கப்பட்டுக் கறுப்பு இரப்பர் மோதுதாங்கிகள் பொருத்தப்பட்டன, வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. மீளமைப்புச் செலவு இரண்டுக்கும் ஒன்றே ஆனாலும் பிந்தியது குறைந்த விலைக்கே போகின்றது.

மிக அரிய வண்டிகளில் நிலைமை தலைகீழ். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ வகையைச் சேர்ந்த வண்டியொன்று 2023 இல் நியூயோர்க்கில் நடந்த ஏலத்தில் 5 கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. இங்கு மீளமைப்புச் செலவு பெறுமதியில் மிகச் சிறிய பங்கே. செய்தித்தாள்களில் இடம்பெறுவன இத்தகைய விற்பனைகளே என்பதால், பழந்தானுந்து என்றாலே இலாபம் என்ற தவறான எண்ணம் பரவியுள்ளது.

வர்ணத்துக்கு அடியில் இருப்பது

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கெர்லொஃப் 1970 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, பயன்படுத்திய தானுந்துகளின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லா வண்டிகளையும் ஐயத்துடன் நோக்கி விலையைக் குறைக்கின்றார், அதனால் நல்ல வண்டி வைத்திருப்பவரும் நட்டமடைகின்றார் என்பது அதன் சாரம். அவர் 2001 ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மீளமைக்கப்பட்ட வண்டிக்கு இது இருமடங்கு பொருந்தும். ஏனெனில் மீளமைப்பின் மிக முக்கியமான பகுதி, அது முடிந்தவுடன் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகின்றது. துருவை முழுதாக வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டவைத்த வண்டியும், துருவின் மேல் நிரப்புப் பசையைப் பூசித் தேய்த்து மறைத்த வண்டியும் முதல் ஆண்டில் ஒன்றுபோலவே ஒளிரும். இதனால்தான் வாங்குபவர்கள் காந்தம், வர்ணத் தடிப்பை அளக்கும் கருவி ஆகியவற்றுடன் வருகின்றனர். இதே காரணத்தால், வேலை நடந்துகொண்டிருந்தபோது எடுத்த ஒளிப்படங்கள் பெறுமதியைக் கூட்டுகின்றன. துருப்பிடித்த தரைத்தகடு, வெட்டப்பட்ட இடம், புதிய தகடு, அதன்மேல் அடித்தளப்பூச்சு என வரிசையாகப் படங்கள் வைத்திருப்பவர், தமக்கு மட்டும் தெரிந்ததை வாங்குபவருக்கும் தெரியப்படுத்திவிடுகின்றார். படமெடுக்காமல் விட்ட நல்ல வேலைக்கு விலை கிடைப்பது கடினம். வீட்டிலேயே திறமையாக வேலை செய்த ஆர்வலர்கள் பலர் இழப்பது இங்கேதான்.

பாதியில் நின்ற மீளமைப்பு எல்லாவற்றிலும் மோசமான நிலையில் உள்ளது. கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிய வண்டியில் எந்தப் பாகம் இல்லை என்பதை வாங்குபவரால் அறிய இயலாது. ஆகையால் கழற்றும் முன் இருந்த விலையை விடவும் அது குறைந்துவிடுகின்றது.

எண்களும் ஆவணங்களும்

அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணும், எஞ்சின், பற்சக்கரப்பெட்டி முதலியவற்றின் எண்களும் தொழிற்சாலைப் பதிவேட்டுடன் பொருந்தினால், அவ்வண்டி பொருந்தும் எண்கள் கொண்டது எனப்படுகின்றது. எஞ்சின் மாற்றப்பட்ட வண்டி நன்றாக ஓடலாம், மூல எஞ்சினை விடச் சிறப்பாகவும் ஓடலாம். எனினும் சேகரிப்பாளர்கள் அதற்குக் குறைந்த விலையே தருவர். தொழிற்சாலையில் அடிக்கப்பட்ட நிறத்தை மாற்றியிருப்பதும் பொதுவாக விலையைக் குறைக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் ஆற்றல்மிகு தானுந்துகளில் இது பெரும் சிக்கலாக உள்ளது. 1971 ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா வகையில் திறந்த கூரை வண்டிகள் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2014 இல் சியாட்டில் ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. ஆனால் இதே உடலமைப்புக் கொண்ட சாதாரண பாரகுடா வண்டிகள் ஏராளம். அவற்றில் ஹெமி எஞ்சினைப் பொருத்தி, சின்னங்களை ஒட்டி, அதேபோல் ஆக்குவது இயலும். இதைப் படி என்று சொல்லி விற்பது நேர்மையான வணிகம், சொல்லாமல் விற்பது மோசடி. இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு இலட்சக்கணக்கில் என்பதால் தாள்களின் முக்கியத்துவம் கூடியுள்ளது. 1967 முதலான ஃபோர்டு வண்டிகளுக்கு, தொழிற்சாலைத் தரவுகளின் அடிப்படையிலான மார்ட்டி அறிக்கையைப் பெறலாம். எம்ஜி வண்டிகளுக்குக் கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் சான்றிதழ் வழங்குகின்றது.

ஓல்ட் நம்பர் ஒன் வழக்கு

எந்த அளவுக்கு மாற்றினால் ஒரு வண்டி அந்த வண்டியாக இல்லாமல் போகின்றது என்ற வினா ஒருமுறை இலண்டன் உயர் நீதிமன்றத்துக்கே சென்றது. ஓல்ட் நம்பர் ஒன் எனப்பட்ட பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணிநேரப் போட்டியில் வென்ற தானுந்து ஆகும். பந்தய வண்டிகளுக்கு வழமையானபடி, இதன் பாகங்கள் அடுத்தடுத்து மாற்றப்பட்டன. 1932 இல் எட்டு லீட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டு புரூக்லாந்து களத்தில் ஓடியபோது நேர்ந்த விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதன் பின்னரும் வண்டி மீண்டும் கட்டப்பட்டது.

பழந்தானுந்து விலைகள் உச்சத்தில் இருந்த 1990 ஆம் ஆண்டில், இதை மீளமைத்து வைத்திருந்த உரிமையாளர் ஒரு கோடி பவுண்டுகளுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்கவிருந்த நிறுவனம், இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் அன்று எனக் கூறி மறுத்தது. நீதிபதி ஓட்டன், 1929 இலோ 1930 இலோ வென்ற நிலையிலேயே இருக்கும் மூல வண்டியாக இதைக் கருத முடியாது என ஏற்றுக்கொண்டார். ஆயினும், இடையறாத வரலாறு கொண்டதாலும், எந்தக் கட்டத்திலும் வேறொரு வண்டி அந்தப் பெயருக்கு உரிமை கோரும்படி நிகழாததாலும், இதை உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் என்று அழைப்பது சரியே எனத் தீர்ப்பளித்தார். விற்றவர் வென்றார்.

பாகங்கள் எல்லாம் மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பலா என்று பண்டைய கிரேக்கர் எழுப்பிய புதிருக்கு, இங்கே ஒரு கோடி பவுண்டு பெறுமதியான விடை கிடைத்தது எனலாம். வண்டியின் இரும்பை விட அதன் தொடர்ச்சியான வரலாறே விலைபோகின்றது என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது.

கைபடாத வண்டிகள்

1954 முதல் 1957 வரை 1,400 செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல், மேல்நோக்கித் திறக்கும் கதவுகளால் புகழ்பெற்றது. 2014 சனவரியில் அரிசோனாவின் ஸ்கொட்ஸ்டேலில் குடிங் நிறுவனம் நடத்திய ஏலத்தில் இவ்வகை வண்டிகள் இரண்டு வந்தன. முழுமையாக மீளமைக்கப்பட்டது 14,02,500 டாலருக்கும், மீளமைக்கப்படாமல் பழைய நிலையிலேயே இருந்தது 18,97,500 டாலருக்கும் விலைபோயின. மீளமைக்க ஆன செலவு பெறுமதியைக் கூட்டவில்லை என்பது மட்டுமன்று, கைவைக்காமல் விட்டதற்கே 4,95,000 டாலர் கூடுதலாகக் கிடைத்தது.

2015 பெப்ரவரியில் பாரிசில் ஆர்க்கூரியல் நிறுவனம் ஏலமிட்ட பையோன் சேகரிப்பும் இத்தகையதே. மேற்கு பிரான்சின் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்த 59 வண்டிகளுள், பழைய இதழ்க் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர் 1.6 கோடி யூரோவுக்கும் மேல் விற்றது. நடிகர் அலன் டெலோன் ஒருகாலத்தில் அதை வைத்திருந்ததும் விலைக்குத் துணைசெய்தது.

காரணம் எளிது. மீளமைப்பை எவரும் எப்போதும் செய்யலாம். தொழிற்சாலையில் அடித்த வர்ணத்தையும் அன்றைய தையலையும் ஒருமுறை அகற்றினால் திரும்பப் பெற முடியாது. எனினும் இதை எல்லா வண்டிகளுக்கும் விரித்துப் பார்க்கக்கூடாது. துருவால் ஓட்டை விழுந்த எம்ஜிபிக்கு மூலநிலை என்ற பெயரில் எவரும் கூடுதல் விலை தருவதில்லை.

நிலைத் தரங்கள்

அமெரிக்காவில் ஹாகெர்டி நிறுவனத்தின் விலைக் கையேடு வண்டிகளை 1 முதல் 4 வரை தரப்படுத்துகின்றது. உலகின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இருந்தாலே தரம் 1, அன்றாடம் ஓட்டக்கூடிய நல்ல வண்டி தரம் 3. மீளமைத்தவர் தம் வண்டியைத் தரம் 1 என நினைப்பது இயல்பு. ஆனால் அது பெரும்பாலும் 2 அல்லது 3 ஆகவே இருக்கும், அதுவும் ஓட்டத் தொடங்கியதும் இறங்கத் தொடங்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த மீளமைப்பு இன்று பழைய வேலையாகவே கணக்கிடப்படுகின்றது. காப்புறுதிக்காக ஒப்புக்கொண்ட பெறுமதி, அதே போன்ற வண்டியை மீண்டும் பெற ஆகும் தொகையைக் கருதி எழுதப்படுவதால், அதை விற்பனை விலை எனக் கொள்வதும் பிழை.

ஏலத்தொகையும் கைக்கு வரும் தொகையும்

செய்திகளில் வரும் ஏல விலையில், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணமும் சேர்ந்திருக்கும். மேற்கூறிய 18,97,500 டாலரில் 10 விழுக்காட்டுக் கட்டணம் அடங்கும். சுத்தியல் விழுந்த விலை 17,25,000 டாலரே. விற்பவர் தரப்பிலும் தரகு உண்டு. அது பேசி முடிவு செய்யப்படுவது. 8 விழுக்காடு எனக் கொண்டால், விற்றவருக்கு எஞ்சுவது 15,87,000 டாலர். வண்டியை ஏற்றிச்செல்லும் செலவும் வரியும் இதற்குப் பின்.

விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலையை எட்டாமல் வண்டி திரும்பினால், கேட்கப்பட்ட உச்ச விலை எல்லோருக்கும் தெரிந்துவிடுகின்றது. அடுத்த முறை அதே வண்டியைப் பார்க்க வருபவர், பேரத்தை அந்த விலைக்குச் சற்றுக் கீழிருந்தே தொடங்குவார்.