உங்களுக்குத் தெரியுமா? சின்னப் பள்ளியின் சதவீதக் கணக்கு

அமெரிக்காவில் புது ஊருக்குக் குடிபோகும் நம்மவர்கள், வாடகையைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பகுதிப் பள்ளிக்கூடத்தின் ரேட்டிங்கை விசாரித்துவிடுவார்கள். அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் கட்டணமில்லாத அரசுப் பள்ளி. ஹைஸ்கூல் என்றால் 9 முதல் 12 வரை. மொன்டானா, நெப்ராஸ்கா, டகோட்டா பக்கம் போனால் நாலு வகுப்பையும் சேர்த்தே நூறு பிள்ளைகள் தேறாத ஹைஸ்கூல்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட பள்ளிகளின் தேர்வு முடிவுகளிலும் மாணவர் விவரங்களிலும் பல வேடிக்கைகள் ஒளிந்திருக்கின்றன.

● 25 பேர் உள்ள 12-ஆம் வகுப்பில் ஒரு பிள்ளை படிப்பை விட்டால், படிப்பை முடித்தோர் கணக்கில் 4 சதவீதம் இறங்கிவிடும். 500 பேர் உள்ள வகுப்பில் அதே ஒரு பிள்ளையால் இறங்குவது 0.2 சதவீதம்தான். அதனால் மாநிலத் தரப்பட்டியலின் உச்சியிலும் சின்னப் பள்ளிகள், அடிமட்டத்திலும் சின்னப் பள்ளிகள். புள்ளியியல் அறிஞர் ஹோவர்ட் வெய்னர், பென்சில்வேனியா மாநிலத் தேர்வு முடிவுகளை வைத்து இதைப் போட்டு உடைத்தார்.

● பட்டியலின் உச்சியை மட்டும் பார்ப்பவருக்குச் சின்னப் பள்ளியே நல்ல பள்ளி என்றுதான் தோன்றும். 1959-இல் கல்வியாளர் ஜேம்ஸ் கோனன்ட் சொன்னது இதற்கு நேர்மாறு: இறுதி வகுப்பில் நூறு பேராவது இல்லாத ஹைஸ்கூல்களை ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும் என்றார். நாற்பது ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 2000-க்குப் பிறகு, பெரிய ஹைஸ்கூல்களைப் பிரிக்கவும் புதிதாகச் சிறியவற்றைத் தொடங்கவும் கேட்ஸ் அறக்கட்டளை சுமார் 200 கோடி டாலரைக் கொட்டியது. பல பள்ளிகளில் மதிப்பெண் பெரிதாக உயரவில்லை என்று 2009-இல் பில் கேட்ஸே எழுதினார். சரி, அத்தனையும் வீண்தானா? அப்படியும் சொல்ல முடியாது. நியூயார்க் நகரின் புதிய சிறு ஹைஸ்கூல்களில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது. இடம் கிடைத்தவர்களில்தான் கூடுதலானோர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். அந்தப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அறிந்து கவனித்தார்கள். என்னைக் கேட்டால், தலைக்கணக்கைவிட அதுதான் முக்கியம்.

● பள்ளி அறிக்கையில் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் நட்சத்திரக் குறி இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். மாணவர் விவரங்களைக் காக்க 1974-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பிரிவில் மூன்றே பிள்ளைகள் இருந்து, ‘கணிதத்தில் தேர்ச்சி 0 சதவீதம்’ என்று அச்சிட்டால் யார் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? அதனால் மறைக்கிறார்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால், மொத்தத்திலிருந்து கழித்துப் பார்த்து எவரும் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிரிவின் எண்ணும் சேர்ந்தே மறைந்துபோகும்!

● பள்ளியின் இனவாரிக் கணக்கில் நம்ம ஊர்ப் பிள்ளை அங்கே ‘ஏசியன்’. சீன, வியட்நாமிய, நேபாளப் பிள்ளைகளும் அதே கட்டத்தில்தான். ‘ஏசியன் பிள்ளைகள் கணக்கில் புலி’ என்பது போன்ற பேச்செல்லாம் இத்தனை பேரையும் ஒரே கட்டத்தில் அடைத்துப் பேசுவதே.

● பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அங்கே மதிய உணவை வைத்துத்தான் நெடுங்காலமாகக் கணக்கிட்டார்கள். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம். 185 சதவீதம் வரை சலுகை விலை, அதிகபட்சம் 40 சென்ட். சான்றிதழ் எதுவும் கேட்காமல் சத்துணவு போட்ட ஊரிலிருந்து போனவர்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். 2014 முதல் இன்னொரு வழியும் நாடெங்கும் வந்தது: அரசு உணவு உதவி பெறும் குடும்பங்கள் போன்றவற்றின் பிள்ளைகள் 40 சதவீதம் இருந்தால், விண்ணப்பமே இல்லாமல் பள்ளி முழுமைக்கும் இலவசச் சாப்பாடு போடலாம். 2023-இல் அந்த வரம்பையும் 25 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, ‘இலவச உணவு 100 சதவீதம்’ என்று ஒரு பள்ளியின் பக்கத்தில் பார்த்ததும் அத்தனை பேரும் ஏழைகள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

● வேலை போய், வாடகை கட்ட முடியாமல் சித்தப்பா வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பத்தின் பிள்ளை, அங்கே கல்வித் துறைக் கணக்கில் ‘வீடற்ற மாணவர்’. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு அது. முகவரிச் சான்று இல்லை என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

● 9-ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் முடித்தார்கள் என்பதுதான் அங்கே முக்கியமான கணக்கு. ஐந்தாம் ஆண்டில் முடித்தவர் அதில் சேரமாட்டார். வேறு பள்ளிக்கு மாறியதற்கு எழுத்துச் சான்று வராவிட்டால், அந்தப் பிள்ளையும் முடிக்காதவர் பட்டியலில்தான். சின்னப் பள்ளியின் அலுவலகத்தில் ஒரு கடிதம் தவறினால் சதவீதமே மாறிப்போகும்.

● அமெரிக்கக் கால்பந்துக்கு ஓர் அணியில் 11 பேர் வேண்டும். சின்னப் பள்ளி அத்தனை பையன்களுக்கு எங்கே போவது? நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஸ்டீபன் எப்லர் 1934-இல் ஆறு பேர் ஆடும் ஆட்டத்தை உருவாக்கினார். டெக்சாஸின் சின்னப் பள்ளிகள் இன்றும் அதை விடாமல் ஆடுகின்றன.

● கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் சராசரி உயர்ந்திருக்கிறதே என்று மயங்க வேண்டாம். நன்றாகப் படிக்கும் நாலு பேர் மட்டும் எழுதினாலும் சராசரி உயரும்.

● ஓர் ஆசிரியருக்கு 9 மாணவர் என்று போட்டிருந்தால் வகுப்பறையில் ஒன்பதே பேர் என்று பொருளல்ல. சிறப்புக் கல்வி ஆசிரியர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

அமெரிக்காவில் வீடு தேடுகிறீர்களா? பள்ளி சின்னதாக இருந்தால் இந்த ஆண்டு ரேட்டிங்கோடு நின்றுவிடாதீர்கள். இறுதி வகுப்பில் எத்தனை பேர், தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மூன்று, நான்கு ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.