சிறுநீர் தரும் முன்னெச்சரிக்கை

தீபாவளி நெருங்கினால் தோட்டப்புறக் குடும்பங்கள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதிக்குச் செல்வது வழக்கம். சேலையும் வளையலும் வாங்கும் கையோடு, முகத்தை வெளுப்பாக்கும் பசையையும் வாங்கி வருவோர் நம்மிடையே உளர். எங்கு வாங்கினும் நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய பசைகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அது தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகின்றது.

சிறுநீரகம் எவ்வாறு இயங்குகின்றது? இரப்பர் பாலைச் சல்லடையில் வடிப்பது போன்றே, ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்சல்லடைகள் இரத்தத்தை வடிக்கின்றன. வடிந்த நீர் நுண்குழாய்களில் செல்லும்போது, உடலுக்கு வேண்டியவற்றைக் குழாய்ச் சுவரின் உயிரணுக்கள் மீட்டுக்கொள்கின்றன. நாளொன்றுக்கு வடியும் 180 லிட்டரில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டரே சிறுநீராகின்றது.

பாதரசம் சல்லடையையும் கெடுக்கும், குழாயையும் கெடுக்கும். சல்லடை கெட்டால் சிறுநீரில் புரதம் கசியும். கேரளத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இத்தகைய நோயுற்ற 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது; அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புப் பசை பூசியவர்கள்.

குழாயின் கேட்டை அறிவிப்பது நொதி. குழாய்ச் சுவரின் உயிரணுக்களில் 'என்.ஏ.ஜி.' எனும் நொதி உண்டு. இரத்தத்தில் உள்ள அந்நொதி பருமனானதாகையால் சல்லடையைக் கடக்க இயலாது. ஆகவே, சிறுநீரில் அது மிகுந்தால் குழாய்ச் சுவரே சிதைகின்றது என்பது பொருள். ஆய்வுக்கூடத்தில் சேர்க்கப்படும் வேதிப்பொருளை நொதி பிளக்க, நிறம் தோன்றும். அந்நிறத்தின் அடர்த்தியே நொதியின் அளவைக் காட்டும்.

இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்வதற்குள் சிறுநீரகத்தின் திறனில் பாதியளவு குறைந்துவிடக்கூடும். நொதியோ அதற்கு முன்னரே எச்சரிக்கின்றது. எனினும், நீரிழிவும் சில மருந்துகளும் நொதியை உயர்த்துமாதலால், காரணத்தை மருத்துவரே ஆய்ந்து கூறுதல் வேண்டும். இச்சோதனை எல்லாக் கிளினிக்குகளிலும் செய்யப்படுவதன்று. ஆயினும் சிறுநீர்ப் புரதச் சோதனை எளிதில் கிடைக்கும்.

எனவே, தயாரிப்பாளர் பெயரும் சேர்மானமும் அச்சிடப்படாத பசையை நாம் வாங்கலாகாது. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அதன் பெயர் உள்ளதா எனப் பார்த்தல் நலம். சிறுநீர் நுரைத்தாலோ, கால் வீங்கினாலோ, பசை டப்பாவையும் உடன்கொண்டு மருத்துவரை நாடுவோமாக. உழைத்துக் கறுத்த மேனி நமக்குக் குறையன்று. கெட்ட சிறுநீரகமோ உழைக்கும் வலிமையையே பறித்துவிடும்.