எத்தனை பிள்ளை பெற்றீர்கள்?

பாட்டி காலத்தில் சேலம், நாமக்கல் சீமையில் வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் இருப்பது சகஜம். இன்று இரண்டு பிள்ளைகள். பல வீடுகளில் ஒன்றுதான்!

இந்த மாறுதலை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தேசியக் குடும்பநல ஆய்வில், பொறுக்கி எடுத்த வீடுகளுக்குச் செல்கிறார்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம், "எத்தனை பிள்ளை பெற்றீர்கள்? எப்போது பெற்றீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு வயதிலும் எத்தனை பிறப்பு என்று கண்டு, அவற்றைக் கூட்டுகிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரி எத்தனை பிள்ளை என்பது தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 1992-93ல் அது சுமார் 2.5. 2019-21ல் 1.8. வெளியூரார் வந்து குடியேறாவிட்டால், ஜனத்தொகை நாளடைவில் குறையாமல் இருக்க 2.1 வேண்டும்.

பிறந்து இறந்த குழந்தைகளைப் பற்றியும் கேட்பார்கள். அதைச் சொல்லத் தாய்க்கு நாக்கு எழாது. ஆனாலும் சொல்ல வேண்டும். ஏன்?

சேலம் மாவட்டத்தில் பெண் சிசுக்களைக் கொன்ற கொடுமை நடந்தது. அதைத் தடுக்கவே 1992ல் அங்கு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. மறைத்த பிறப்பு கணக்கில் வராது. அந்தக் குழந்தையின் சாவும் கணக்கில் வராது. கணக்கில் வராத சாவை யார் தடுப்பார்கள்?

ஆகவே தாய்மார்களே, கேட்க வருகிறவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்!