பொத்தானை அழுத்தும் முன் மூன்று கேள்விகள்

நம் வீட்டுக் கேமராக்களில் பல, பெட்டியைப் பிரித்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இன்றும் இருக்கின்றன. மேலே உள்ள சக்கரம் 'ஆட்டோ'வில் நிற்கும். மெனுவை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். மூவாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய பொருள், தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வரும். படம் மங்கலாக வந்தால், "கேமரா பழசாகிவிட்டது, புதுசு வாங்கணும்" என்ற பேச்சு தொடங்கிவிடும்.

நான் வானொலி அறிவிப்பாளர். வார இறுதிகளில் திருமணம், அரங்கேற்றம், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று மைக் பிடித்து நிற்பதும் உண்டு. மேடையில் நிற்பவருக்கு ஒரு வசதி: படம் எடுப்பவர்களின் முகம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கெட்டி மேளம் முழங்கியதும் முப்பது கைகள் உயரும். அடுத்த நிமிடம், பாதிப் பேர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். ஊடகம் படித்த காலத்தில் கற்ற அடிப்படையை வைத்துச் சொல்கிறேன்: அந்த ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் கேமரா காரணமல்ல. என்ன வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியவை மூன்று. யாரை எடுக்கப் போகிறோம்? எந்த நொடியை? அந்தப் படம் எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? முதல் கேள்விக்கான விடை ஃபோகஸ் அமைப்பில் இருக்கிறது. இரண்டாவதற்குத் தொடர் படப்பிடிப்பில், அதாவது 'பர்ஸ்ட்' அமைப்பில். மூன்றாவதற்குப் படத் தரத்தில்.

யாரை?

கேமராவின் பொத்தானுக்கு இரண்டு படிகள் உண்டு. பாதி அழுத்தினால் ஃபோகஸ் செய்யும். முழுவதும் அழுத்தினால் படம் எடுக்கும். ஒரே அழுத்தாக அழுத்திவிடுபவர்கள், ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று பார்க்கும் வாய்ப்பை இழந்துவிடுகிறார்கள்.

ஃபோகஸ் முறைகளில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, ஒரு முறை ஃபோகஸ் செய்து அங்கேயே நின்றுவிடுவது. நிக்கான், சோனி, ஃபூஜிஃபிலிம் கேமராக்களில் இதை 'ஏஎஃப்-எஸ்' என்பார்கள். கேனனில் 'ஒன் ஷாட்'. உட்கார்ந்திருக்கும் தாத்தா, குத்துவிளக்கு, குடும்பப் படம் ஆகியவற்றுக்கு இது போதும். இரண்டாவது, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே இருப்பது. இது 'ஏஎஃப்-சி', கேனனில் 'சர்வோ'. நம்மை நோக்கி ஓடிவரும் பிள்ளை, சுழன்றாடும் காவடி, மேடையில் முன்னும் பின்னும் நகரும் நடனமணி ஆகியோருக்கு இதுதான் வேண்டும். பள்ளி ஓட்டப் பந்தயத்தை முதல் முறையில் எடுத்தால், பிள்ளை முன்பு நின்ற இடம் தெளிவாக இருக்கும்; பிள்ளை மங்கலாக இருப்பான்.

அடுத்தது, திரையின் எந்தப் பகுதியில் ஃபோகஸ் விழ வேண்டும் என்பது. ஆட்டோவில் விட்டால் கேமராவே தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் அருகில் இருப்பதையும், வெளிச்சமும் நிழலும் பளிச்சென்று வேறுபடும் இடத்தையும்தான் அது பிடித்துக்கொள்ளும். தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கும் மணமக்களுக்கும் இடையில் மஞ்சள் அரிசி பறக்கிறது. ஆசீர்வதிக்கும் கைகள் நீள்கின்றன. யாரோ ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார். கேமரா அரிசியைப் பிடித்துவிடும், அல்லது முன்வரிசை மாமாவின் கைக்கடிகாரத்தை.

இதற்கு மருந்து எளிது. ஃபோகஸ் பகுதியை ஒற்றைப் புள்ளியாகவோ சிறு வட்டாரமாகவோ சுருக்கி, மணப்பெண்ணின் முகத்தில் வையுங்கள். புதிய கேமராக்களில் கண்ணைக் கண்டறிந்து தொடரும் வசதி இருந்தால், அதை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். மண்டபத்தில் வெளிச்சம் குறைவாக இருந்து லென்ஸ் முன்னும் பின்னும் தடுமாறினால், முகத்தைப் போலவே அதே தூரத்தில் இருக்கும் ஒரு விளிம்பைப் பிடியுங்கள். சேலையின் சரிகைக் கரை, மாலையின் ஓரம் போன்றவை நல்ல பிடிமானம். வெறும் வெள்ளைச் சுவரும் ஒரே நிறப் பட்டும் கேமராவுக்குக் கண்ணாமூச்சி.

குழுப்படத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. பின்னணி அழகாக மங்க வேண்டும் என்று லென்ஸின் திறப்பை எஃப் 1.8 இல் வைத்து மூன்று வரிசை உறவினர்களை எடுத்தால், முன்வரிசை மட்டும் தெளிவாக இருக்கும். பின்வரிசைச் சித்தப்பா ஆயுள் முழுவதும் அதைச் சொல்லிக்காட்டுவார். எஃப் 5.6 அல்லது எஃப் 8 வைத்தால் எல்லா வரிசையும் கிடைக்கும்.

மங்கல் எல்லாமே ஃபோகஸ் பிழை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆளுக்குப் பின்னால் இருக்கும் திரைச்சீலை தெளிவாக இருந்து ஆளின் முகம் மங்கினால், ஃபோகஸ் தவறிய இடம் அது. முகம் தெளிவாக இருந்து கையும் காலும் மட்டும் இழுபட்டிருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை. நடனத்துக்கும் ஓட்டத்துக்கும் 1/500 வினாடி நல்ல தொடக்கம். மொத்தப் படமும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால், ஆடியது உங்கள் கை.

எந்த நொடியை?

1878ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் ஓடுபாதை ஓரம் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். குதிரை ஓட ஓட, அவை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுத்தன. பாய்ந்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைத் தொடாமல் இருப்பதை அந்தப் படங்கள் காட்டின. மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத கணம் அது. அன்று 12 கேமராக்கள் செய்த வேலையை இன்று ஒரு கேமரா ஒரே வினாடியில் செய்கிறது.

பர்ஸ்ட் எதற்குத் தேவை? கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய கால் வினாடி போய்விடுகிறது. அரங்கேற்றத்தில் தீர்மானத்தின் கடைசி அடியில் பிள்ளை கால் பதித்துக் கையை விரித்து நிற்கும் கணத்தைப் பார்த்த பிறகு அழுத்தினால், கிடைப்பது அடுத்த அசைவுதான். ஆகவே, கணம் வருவதற்குச் சற்று முன்னரே தொடங்க வேண்டும். தாளம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். சொல்லுக்கட்டு முடியப்போவது காதுக்கு முதலில் தெரியும். விரலை அப்போதே அழுத்துங்கள்.

குழுப்படத்துக்கும் பர்ஸ்ட் கைகொடுக்கும். இருபது பேர் நின்றால் யாராவது ஒருவர் கண்சிமிட்டாமல் இருக்க மாட்டார். ஐந்தாறு படங்களைத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது தேறும்.

ஆனால், பர்ஸ்ட்டை மட்டும் இயக்கிவிட்டு ஃபோகஸை 'ஒரு முறை' அமைப்பிலேயே விட்டுவிட்டால் பயனில்லை. முதல் படத்தில் பூட்டிய தூரத்திலேயே மற்ற எல்லாப் படங்களும் எடுக்கப்படும். ஓடிவரும் பிள்ளை முதல் படத்தில் தெளிவாகவும், அடுத்தடுத்த படங்களில் மேலும் மேலும் மங்கலாகவும் வருவான். ஓடும் ஆளுக்கு பர்ஸ்ட்டும் ஏஎஃப்-சியும் சேர்ந்தே போக வேண்டும்.

வேகத்துக்கும் எல்லை உண்டு. கேனன் 1500டி போன்ற தொடக்கநிலைக் கேமரா வினாடிக்கு 3 படம் எடுக்கும். சோனி ஏ6400 வினாடிக்கு 11 வரை எடுக்கும். எடுத்த படங்கள் முதலில் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் குவியும். அங்கிருந்து மெமரி கார்டுக்குப் போகும். ஒரு படம் 25 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்குப் பத்துப் படம் என்றால் 250 எம்பி. 'வி30' என்று அச்சிட்ட கார்டு உறுதியளிக்கும் குறைந்தபட்ச வேகமோ வினாடிக்கு 30 எம்பிதான். வாளி நிறைந்ததும் கேமரா தயங்கி நிற்கும். அந்த நேரம் பார்த்து மூன்றாவது முடிச்சு விழும். ஆகவே, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒரு வினாடி எடுங்கள், விடுங்கள், மறுபடி எடுங்கள். கேமராவோடு வரும் சிறு ஃபிளாஷும் இவ்வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொரு மின்னலுக்கும் பிறகு அது மூச்சு வாங்க வேண்டும்.

தைப்பூசத்தின்போது பத்துமலைக்குக் கேமராவோடு போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. காவடி சுழலும்போது ஏஎஃப்-சி, பர்ஸ்ட், 1/500 ஆகிய மூன்றும் சேர்ந்தால் நல்ல படம் நிச்சயம் கிடைக்கும். 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் போனதும் வெளிச்சம் சட்டென்று குறையும். ஐஎஸ்ஓவை உயர்த்த மறக்காதீர்கள். ஆனால், அருள் வந்து நிற்பவரின் முகத்துக்கு ஓரடி தூரத்தில் 'டகடக' என்று அடிக்க வேண்டாம். அவர் நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர். நம் படத்துக்கு நிற்பவர் அல்லர். ஃபோகஸ் ஒலியை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். சத்தமில்லா ஷட்டர் உள்ள கேமராக்கள் கோயிலில் நல்லவை. எல்இடி விளக்குகளின் கீழ் மட்டும் படத்தில் கோடுகள் விழக்கூடும் என்பதால் முதலில் ஒன்றை எடுத்துச் சரிபாருங்கள்.

எவ்வளவு காலத்துக்கு?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டி தவறிவிட்டார். மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். பேரப்பிள்ளைகள் எல்லாருடைய கைப்பேசியிலும் தேடினார்கள். பேத்தியின் திருமணத்தில் பாட்டி வாய் நிறையச் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. அது புலனத்தில் கைமாறிக் கைமாறி வந்தது. மூலப் படம் யாரிடமும் இல்லை. "இதைப் பெரிசாக்கினா கட்டம் கட்டமாத் தெரியும்" என்றார் அச்சிடும் கடைக்காரர். கடைசியில், இந்தியாவுக்குப் போகக் கடப்பிதழுக்காக எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். எப்போதும் சிரிக்கும் பாட்டி அந்த வீட்டுச் சுவரில் சிரிக்காமல் இருக்கிறார்.

படத் தரம் என்ற அமைப்பு இதற்காகத்தான். அதில் இரண்டு விஷயங்கள் அடங்கும். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ஒன்று அளவு: எத்தனை பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் 'எல்' என்ற பெரிய அளவு ஏறக்குறைய 6000க்கு 4000 பிக்சல். தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால், 20 அங்குல அகலத்துக்கு அது தாங்கும். மற்றொன்று சுருக்கம்: கோப்பின் எடையைக் குறைக்க எவ்வளவு நுணுக்கத்தைக் கேமரா விட்டுக்கொடுக்கிறது என்பது. 'ஃபைன்' குறைவாக விட்டுக்கொடுக்கும். 'நார்மல்' கூடுதலாக விட்டுக்கொடுக்கும்.

இடம் போதாது என்று கவலைப்பட வேண்டாம். பெரிய அளவு, ஃபைன் தரத்தில் ஒரு படம் சுமார் 10 எம்பி. 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 6,000 படங்கள் அடங்கும். எந்தத் திருமணத்துக்கும் அது போதும்.

'ரா' கோப்பு என்பது அடுத்த படி. வானொலியில் ஒரு பேட்டியை முழுத் தரத்தில் பதிவு செய்து வைத்தால், பிறகு இரைச்சலைக் குறைக்கலாம், குரலை உயர்த்தலாம். எம்பி3 ஆகச் சுருக்கிய பிறகு தொலைந்ததை மீட்க முடியாது. ஜேபெக்குக்கும் ராவுக்கும் உள்ள உறவும் அதுதான். ஜேபெக்கில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. மண்டபத்தின் மஞ்சள் விளக்கும் மேடையின் ஊதா விளக்கும் சேர்ந்து முகத்தின் நிறத்தையே மாற்றிவிட்டால், ராவில் அதைச் சரிசெய்ய இடமிருக்கிறது. ஆனால், கோப்பு கனமானது; கணினியில் அமர்ந்து திருத்தும் பொறுமையும் வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குப் பெரிய ஜேபெக் போதும். முக்கியமான சடங்குக்கு மட்டும் 'ரா + ஜேபெக்' வைக்கலாம். அப்போது பர்ஸ்ட் விரைவில் திணறும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

அனுப்பும் வழியும் முக்கியம். புலனத்தில் வழக்கம்போல் அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 18 அங்குலச் சட்டத்துக்கு அதைப் பெரிதாக்கினால் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

கைப்பேசியிலும் இதே மூன்றுதான்

தனிக் கேமரா இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். திரையில் முகத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். படம் எடுக்கும் பொத்தானை ஓரமாக இழுத்துப் பிடித்தால் பர்ஸ்ட் தொடங்கும். விரல்களால் விரித்துப் பெரிதாக்கி எடுப்பதற்குப் பதில், இரண்டு அடி முன்னே நகருங்கள்.

புறப்படும் முன்

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நகரும் ஆள் என்றால் ஏஎஃப்-சி, நிற்கும் ஆள் என்றால் ஏஎஃப்-எஸ். ஃபோகஸ் பகுதி சிறியதாக, முகத்தில். பர்ஸ்ட் இயங்குகிறதா? படத் தரம் 'எல்', 'ஃபைன்' தானா? லென்ஸின் பக்கவாட்டில் உள்ள பொத்தான் 'எம்எஃப்' பக்கம் நகர்ந்துவிடவில்லையே? மின்கலமும் காலியான கார்டும் தயாரா?

வீடு திரும்பிய அன்றே ஒரு மணி நேரம் உட்காருங்கள். பர்ஸ்ட்டில் எடுத்த முப்பதில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். ஈராயிரம் படங்கள் கிடக்கும் வட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நாற்பது படங்கள் உள்ள தொகுப்பைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை குடும்பம் கூடும்போது, வீட்டிலேயே மூத்தவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, அவர் கண்ணில் ஃபோகஸ் வைத்து, அவரைச் சிரிக்கவைக்கத் தெரிந்த பேரனைப் பக்கத்தில் நிறுத்தி, ஐந்தாறு படங்கள் எடுங்கள். அந்த வாரமே ஒன்றை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள்.